தென்னைமரத்தில் கட்டிய பசு

பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மனப்பாடம் செய்துவைத்திருந்த தென்னைமரத்தைப் பக்கம் முழுக்க எழுதிவிட்டு, "இந்த மரத்தில்தான் பசுவைக் கட்டுவார்கள்" என்று முடித்த பையனின் கதை நமக்கெல்லாம் தெரியும். அவன் மேல் எனக்கு எப்போதுமே ஒரு பரிவு உண்டு. அவனிடம் அப்புறம் வருகிறேன். முதலில் இரண்டாம் வகுப்புக்குப் போவோம்.

என் அக்கா மகள் ஊருக்குப் போய்விட்டு வந்து, ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். தாய் ஆடு கத்தியது, மாமா கயிறு கட்டி இறங்கியது, மேலே வந்ததும் குட்டி உடம்பைச் சிலுப்பியதில் எல்லோரும் நனைந்தது என்று பத்து நிமிடம் ஓடியது. "அப்படியே எழுதும்மா" என்றேன். கால் மணி நேரம் பென்சிலைப் பிடித்து அழுத்தி எழுதினாள்: "ஆடு கிணறில் விழுந்தது. மாமா எடுத்தார்." அவ்வளவுதான். "எழுதச் சொன்னா மட்டும் சோம்பேறி" என்றாள் அக்கா.

சோம்பல் இல்லை, இடப்பற்றாக்குறை. ஒரு போன் நம்பரைக் கேட்டு, அழுத்தி முடிக்கும்வரை மனதில் பிடித்துவைத்திருப்போமே, அந்தத் தற்காலிக நினைவில் கொஞ்சம்தான் கொள்ளும். எழுதும்போது என்ன சொல்வது, எந்தச் சொல், எந்த எழுத்து, அதை எப்படி வளைப்பது என்று எல்லாம் அந்தச் சின்னத் திண்ணையிலேயே வந்து உட்காருகின்றன. 1994-இல் பூர்தென், ஃபயோல் என்ற பிரெஞ்சு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். சொற்பட்டியலைக் கேட்டுவிட்டு வாயால் திருப்பிச் சொன்னதைவிட, எழுதிக் காட்டியபோது பிள்ளைகளுக்குக் குறைவான சொற்களே நினைவுக்கு வந்தன. பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பிறகு பெரியவர்களை, பழக்கமே இல்லாத கர்சிவ் கேபிடல் எழுத்துகளில் எழுதச் சொன்னார்கள். அவர்களும் சொற்களைத் தவறவிட்டார்கள்! நீங்களும் நேற்றுக் காலை நடந்ததை இடது கையால் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியிலேயே "சாப்பிட்டேன். போனேன்." என்று சுருங்கிவிடுவீர்கள்.

தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சில வேலைகள் உண்டு. 'கொ' என்று எழுத வேண்டும். காதில் முதலில் விழுவது க், பிறகு ஒ. கையோ முதலில் ஒற்றைக்கொம்பைப் போட்டு, அப்புறம் க, அப்புறம் காலை எழுத வேண்டும். பின்னால் வரும் ஒலியை முன்கூட்டியே யோசித்தால்தான் பேனா நகரும். இது போதாதென்று, வாய் 'கெணத்துல' என்கிறது, நோட்டு 'கிணற்றில்' என்று கேட்கிறது. பாதி வழியில் மாட்டிக்கொண்ட சொல்தான் அந்தக் 'கிணறில்'. பேச்சை மாற்ற முயன்றிருக்கிறாள் என்பதற்கு அது அடையாளம். எனக்கு அந்தப் பிழை பிடித்திருந்தது.

ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் கையைப் பழக்க வேண்டும். கை தானாக ஓடத் தொடங்கினால் திண்ணையில் இடம் காலியாகும். அமெரிக்காவில் எழுதத் திணறிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2000-இல் வந்தது. கையெழுத்தோடு அவர்கள் வாக்கியம் அமைப்பதும் தேறியிருந்தது. ஆனால் இம்போசிஷன் வேறு, பயிற்சி வேறு. எழுத்தைப் பார்த்து, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதும் பத்து நிமிடம் போதும். ஒரே சொல்லை ஐம்பது தடவை எழுதும் பிள்ளை, ஐந்தாவது தடவைக்கு மேல் சொல்லை எழுதுவதில்லை. எல்லா வரியிலும் முதலில் கொம்பு, பிறகு எல்லா வரியிலும் கால் என்று தூண் தூணாக இறக்கிவிடும். நானே அப்படித்தான் செய்தேன்.

மூன்றாம் வகுப்பிலிருந்து சிக்கல் வாக்கியத்துக்கு நகர்கிறது. "மழை பெய்தது. அப்புறம் குடை இல்லை. அப்புறம் நனைந்தேன்." இங்கேதான் இலக்கணப் பாடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறோம். ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கணக்குப் போட்டார்கள். பலனே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொண்டால், வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி 0.50 வாங்கியது. இலக்கணத்தைத் தனியாக நடத்தியது மைனஸில், −0.32-இல் நின்றது. தமிழில் இணைப்பதற்கு எச்சங்கள் இருக்கின்றன: 'கிணற்றில் விழுந்த குட்டியை மாமா இறங்கித் தூக்கினார்.' பெயரெச்சம், வினையெச்சம் என்ற பெயரெல்லாம் தெரியாமலேயே அக்கா மகள் பேச்சில் இவற்றைச் சரளமாகப் போடுகிறாள். இரண்டு சீட்டில் இரண்டு வாக்கியம் கொடுத்து ஒன்றாக்கச் சொன்னால், வாயில் இருப்பது கைக்கு இறங்கும்.

ஆறாம் வகுப்புக்கு மேல்தான் நம் தென்னைமரப் பையன் வருகிறான். கனடாவில் ஆய்வு செய்த பெரைட்டரும் ஸ்கார்டமாலியாவும் 1987-இல் எழுதுவதை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். தெரிந்ததை நினைவுக்கு வந்த வரிசையில் கொட்டுவது ஒன்று. யாருக்கு, எதற்கு என்று யோசித்து, தெரிந்ததையே மாற்றி அமைப்பது இன்னொன்று. "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால் உண்டு" என்பது முதல் வகை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டுவிட்டால் இரண்டாம் வகை வந்துவிடாது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையைக் கொட்டினாலும் வராது. திருத்திக் கொண்டுவா என்றால் பிள்ளைகள் ணகரத்தையும் றகரத்தையும் மாற்றிவிட்டு நோட்டை நீட்டுவார்கள். படிக்கப்போகிறவர் ஒருவர் மனதில் இருந்தால்தான் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்ற கேள்வியே எழும்.

ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர், பசுவையே பார்க்காத ஒருவருக்கு எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"எங்க வீட்டுப் பசுவா சார், புத்தகத்துல இருக்கிற பசுவா?"

"உங்க வீட்டுப் பசுதாண்டா."

அவன் கட்டுரையின் முதல் வரி: "எங்கள் பசுவுக்கு ஒரு கொம்புதான்."