அர்காங்கெல்ஸ்க்: அதிதூதர் பெயரில் ஒரு துறைமுகம்

ரஷ்யாவின் வடக்கே, வடக்கு துவினா ஆறு வெண்கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது அர்காங்கெல்ஸ்க். சுமார் 3 லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். ஆங்கிலத்தில் இதற்கு நெடுங்காலமாக 'ஆர்க்கேஞ்சல்' என்றே பெயர். ஏஞ்சல் என்றதும் நமக்குத் தேவதை நினைவுக்கு வருவதால் 'தேவதை நகரம்' என்று பொருள் சொல்லத் தோன்றும். அது சரியில்லை.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆர்கி' என்றால் தலைமை. 'ஆங்கெலோஸ்' என்றால் செய்தி கொண்டுபோகிறவர். ஆர்க்கிடெக்ட் என்கிறோமே, அதில் இருப்பதும் இதே 'ஆர்கி'தான். தலைமைக் கட்டுநர் என்று பொருள். (வளைவைக் குறிக்கும் ஆர்ச் வேறு, அது லத்தீன் வழி வந்தது.) 'ஆங்கெலோஸ்' முதலில் சிறகு முளைத்த உருவம் எதையும் குறிக்கவில்லை. ஓலையோ வாய்ச்சொல்லோ எடுத்துக்கொண்டு போகும் சாதாரண ஆளுக்கும் அதே பெயர்தான். பைபிள் வழியாகத்தான் அது இறைவனின் செய்தியாளரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது.

இதற்கு ஈடான தமிழ்ச் சொல்லைப் புதிதாக ஆக்கத் தேவையில்லை. 'தூதர்' என்பது 'ஆங்கெலோஸ்' சொல்வதை அப்படியே சொல்கிறது. 'ஆர்கி'க்குச் சீர்திருத்த சபையார் பைபிளில் 'பிரதான தூதன்' என்று வைத்தார்கள். கத்தோலிக்கர் வழக்கில் 'அதிதூதர்'. ஊருக்குப் பெயர் தந்த அதிதூதர் சீர்திருத்த சபையாருக்கு மிகாவேல், கத்தோலிக்கருக்கு மிக்கேல். கத்தோலிக்கர்களிடையே தூதருக்குச் 'சம்மனசு' என்று ஒரு பழைய சொல்லும் உண்டு. காவல் சம்மனசு என்பார்கள். தனித்தமிழ் வேண்டுவோர் 'தலைமைத் தூதர்' எனலாம், குறையொன்றும் இல்லை. என் ஓட்டு அதிதூதருக்கு. புனித மிக்கேல் அதிதூதர் ஆலயம் என்று ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையில் வாழும் சொல் அது. 'தேவதை' மட்டும் வேண்டாம். தமிழில் அது பெண்தெய்வத்தையோ கதைகளில் வரும் அழகியையோதான் கண்முன் நிறுத்தும். இந்த நகரத்துச் சின்னத்தில் இருப்பவரோ, தீப்பிழம்பாய்ச் சிவந்த வாளை ஓங்கிக் கருநிறச் சாத்தானைக் காலடியில் வீழ்த்தும் போர்வீரர்.

ஊருக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு மடத்தால். துவினாக் கரையில் பூர்நவோலோக் என்று ஒரு நிலமுனை. 'நவோலோக்' என்பது வடபுலத்துப் பேச்சில் முனையைக் குறிக்கும். அங்கே அதிதூதர் மிக்கேல் பெயரில் மடம் ஒன்று இருந்தது. ஜார் நான்காம் இவானின் ஆணைப்படி 1584இல் மடத்தைச் சுற்றி மரத்தாலான கோட்டை நகரம் எழுந்தது. முதலில் வைத்த பெயர் நோவி ஹோல்மகோரி. ஆற்றோட்டத்துக்கு எதிராக மேலே போனால் ஹோல்மகோரி என்ற பழைய ஊர் இருந்ததால் இது புதிய ஹோல்மகோரி. ஆனால் மக்கள் வாயில் மடத்தின் பெயரே நின்றது. 'அர்காங்கெல்ஸ்கி கோரத்', அதாவது அதிதூதருடைய நகரம் என்ற பெயர், 1613இல் அதிகாரபூர்வமாயிற்று. பிறகு 'கோரத்' உதிர்ந்து, பெயரடையாக நின்ற 'அர்காங்கெல்ஸ்க்' மட்டும் மிஞ்சியது. ஓம் ஆற்றங்கரை ஓம்ஸ்க், தோம் ஆற்றங்கரை தோம்ஸ்க் ஆகியவற்றின் வாலில் இருப்பதும் இதே 'ஸ்க்'தான்.

ஜாருக்கு அங்கே ஒரு நகரம் தேவைப்பட்டதன் பின்னணியில் வழிதேடி வந்த ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள். 1553இல் வடகிழக்குக் கடல் வழியே சீனாவுக்குப் போய்விடலாம் என்று லண்டனிலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின. புயலில் பிரிந்த இரண்டு கப்பல்கள் கோலா தீபகற்பக் கரையில் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டன. தலைவர் ஹியூ வில்லோபி உட்பட அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மூன்றாவது கப்பலில் இருந்த ரிச்சர்ட் சான்சலர் துவினா முகத்துவாரத்தில் கரையேறி, அங்கிருந்து மாஸ்கோவரை போய் இவானைப் பார்த்துவிட்டார். சீனா கிடைக்கவில்லை, ரஷ்ய வியாபாரம் கிடைத்தது. அதை நடத்த 1555இல் லண்டனில் மஸ்கோவி கம்பெனி பிறந்தது. விலங்கு ரோமத் தோல், மெழுகு, தார், கப்பல் கயிறு என்று சரக்கு மேற்கே போகத் தொடங்கியது. 1703இல் பீட்டர்ஸ்பர்க் எழும்வரை ரஷ்யாவின் கடல் வணிக வாசல் இதுதான்.

மகா பீட்டர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும் இங்கேதான். 1693இல், 21 வயதில். சொலொம்பலா தீவில் கப்பல் கட்டும் தளம் தொடங்கியவரும் அவரே. அப்புறம் பால்டிக் கரையில் தன் பெயர் சொல்லும் தலைநகரைக் கட்டியதும், சரக்கையெல்லாம் அந்த வழியே திருப்பிவிட ஆணை போட்டு இந்த ஊரின் வயிற்றில் அடித்தவரும் அவர்தான். அப்படியும் அவருடைய சிலை இங்கே ஆற்றங்கரையில் நிற்கிறது. 500 ரூபிள் தாளிலும் அந்தச் சிலையைப் பார்க்கலாம்.

வரைபடத்தைப் பார்ப்பவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. முர்மான்ஸ்க் இதைவிட நாலரை பாகை வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் அங்கே துறைமுகம் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். தெற்கே உள்ள அர்காங்கெல்ஸ்க் உறைந்துவிடும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் முர்மான்ஸ்க் கரையைத் தொடுகிறது. வெண்கடலுக்குள் அது வந்து சேர்வதில்லை. வெண்கடலைப் பேரன்ட்ஸ் கடலோடு சேர்க்கும் இடுக்கான நீர்வழிக்கு 'கோர்லோ', அதாவது தொண்டை என்றே பெயர். போதாக்குறைக்கு, துவினா போன்ற ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. உப்பு குறைந்த நீர் சீக்கிரம் உறையும். குளிர்காலத்தில் பனியுடைப்புக் கப்பல்கள் வழி கீறிக் கொடுத்தால்தான் சரக்குக் கப்பல் நகரும். எதிரே உள்ள கேகோஸ்த்ரவ் தீவுக்காரர்கள் அப்போது ஆற்றை நடந்தே கடக்கிறார்கள்.

இரண்டு உலகப் போர்களிலும் நேச நாடுகளின் சரக்கு இங்கே வந்து இறங்கியது. 1918 ஆகஸ்டில் அவர்களுடைய படைகளே வந்து இறங்கி, உள்நாட்டுப் போரில் தலையிட்டன. 1941 ஆகஸ்ட் 31 அன்று சோவியத்துக்கான முதல் ஆர்க்டிக் கப்பல் தொடர் வந்து சேர்ந்ததும் இந்தத் துறைக்குத்தான். பீட்டர்ஸ்பர்க்கை லெனின்கிராட் ஆக்கிய சோவியத் அரசு, அதிதூதரின் பெயரில் கைவைக்கவில்லை.

ஊரைப் பற்றி ரஷ்யர்களிடம் ஒரு சொலவடை உண்டு: 'தஸ்கா, த்ரெஸ்கா, தஸ்கா'. பலகை, காட் மீன், மனச்சோர்வு என்று பொருள். மர அறுவை ஆலைகளும் மீன்பிடியும் நீண்ட இருட்டுக் குளிர்காலமும் மூன்றே சொல்லில் அடங்கிவிட்டன. ரஷ்ய மொழியில் முதல் சொல் மெலிந்த தகரத்திலும் மூன்றாவது அழுத்தமான தகரத்திலும் தொடங்கும். தமிழில் எழுதினால் பலகையும் மனச்சோர்வும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய!

எழுத்துக்கு வருவோம். ரஷ்யர் நாவில் 'ர்'க்குப் பின் வருவது தொண்டையை உரசும் ஹகரம். 'அவர்கள்' என்பதில் உள்ளதுபோல் ஒற்றைக் ககரம் போட்டால் அதற்குக் கிட்டத்தில் வரும். 'ர்க்கா' என்று இரட்டித்தால் 'பார்க்காதே' போல இறுகிவிடும். ஆகவே அர்காங்கெல்ஸ்க். வடமொழி எழுத்தைத் தவிர்ப்பவர்கள் அர்காங்கெல்சுக் என்று எழுதட்டும். ஊர்ப்பெயரை மொழிபெயர்த்து எழுத வேண்டியதில்லை. பொருள் கேட்டால் 'அதிதூதர் நகரம்' என்று சொன்னால் போதும். உதிர்ந்துபோன 'கோரத்'தும் முழுக்கத் தொலைந்துவிடவில்லை. அந்த ஊர்க்காரரை ரஷ்ய மொழியில் இன்றும் 'அர்காங்கெலகரோதெத்ஸ்' என்றுதான் அழைக்கிறார்கள்.