மேற்படிப்புக்கு முன் உறைபெட்டியைத் திறந்து பாருங்கள்

எங்கள் விலங்கு கிளினிக்கில் தாதியாக வேலை பார்க்கும் பெண் போன வாரம் தேக்கா கோப்பிக்கடையில் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். எக்செல் அட்டவணை. பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள், தரவரிசை, கட்டணம், அந்த ஊரில் குளிர் எவ்வளவு என்பதுகூட இருந்தது. "விலங்குத் தொற்றுநோயில் மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன் டாக்டர். எது நல்லது?"

"முடிச்சிட்டு நாய்க்கு ஊசி போடணுமாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினார். அங்கேதான் சிக்கல். மாஸ்டர்ஸும் பிஎச்டியும் ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கான பட்டங்கள். இங்கே விலங்கு மருத்துவராக உரிமம் வாங்க, அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். சிங்கப்பூரிலேயே இருந்து அந்தப் படிப்பை முழுதாக முடிக்க முடியாது. என்னைப் போல ஆஸ்திரேலியாவுக்கோ வேறெங்கோ போகத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒருவராவது இந்தக் குழப்பத்தோடு வருகிறார்.

சற்று யோசித்துவிட்டு, "ஆய்வுதான் பிடிச்சிருக்கு" என்றார். சரி, எந்த ஆய்வு?

நிப்பா வைரஸைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். 1998 கடைசியில் மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கணக்கு இடித்தது. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும்; இங்கே படுத்ததோ பன்றியோடு பழகிய பெரியவர்கள். பன்றிகளும் குரைப்பதுபோல் இருமின. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அதே மாதம் நம் ஊர்ப் பன்றி அறுப்புக்கூடத்தில் 11 தொழிலாளர்களுக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார்.

வைரஸை ஆய்வகம் பிடித்தது. யார் படுக்கிறார்கள், எந்தப் பன்றி இருமுகிறது என்ற கணக்கைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். இந்த இரண்டில் எது உங்கள் வேலை என்று தெரியாமல் தரவரிசையைப் பார்த்து என்ன பயன்? கணக்குப் பிடிக்குமானால், லண்டனில் ராயல் வெட்டரினரி காலேஜும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனும் சேர்ந்து நடத்தும் ஒன் ஹெல்த் (மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் நலத்தைச் சேர்த்துப் பார்க்கும் துறை) மாஸ்டர்ஸ் போன்றவற்றைப் பாருங்கள். வைரஸ்தான் வேண்டும் என்றால் விமானம் ஏறவே தேவையில்லாமல் போகலாம்: வௌவால் வைரஸ்களில் பெயர்பெற்ற வாங் லின்ஃபா இங்கே டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில்தான் இருக்கிறார்.

அப்புறம் மாதிரிகள். நான் மாஸ்டர்ஸுக்குச் சேர்ந்த இடத்தில் தலைப்பு பிரமாதம், வழிகாட்டியும் நல்ல மனிதர். ஆனால் மாதிரிகளை வைக்கும் உறைபெட்டியில் ஒரு குப்பிகூட இல்லை. வேறொரு நாட்டிலிருந்து வரவேண்டிய இரத்த மாதிரிகளுக்கு இறக்குமதி அனுமதி வரவில்லை. எட்டு மாதம் காத்திருந்து தலைப்பை மாற்றினேன். "மாதிரி கையில் இருக்கிறதா, வரவேண்டுமா?" என்று சேரும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். கேட்க வெட்கம், கேட்கவில்லை. ஆபத்தான கிருமி என்றால் அந்த ஆய்வகத்துக்குள் மாணவரை எப்போது விடுவார்கள், பயிற்சிக்கு எத்தனை மாதம் போகும் என்பதையும் கேட்க வேண்டும்.

அந்தப் பெண் அட்டவணையில் குளிர் பத்தியை அழித்துவிட்டு 'மாதிரி' என்று தட்டினார். "பேராசிரியருக்கே எழுதட்டுமா?"

"அவருக்கும் எழுது. ஆனா முதல்ல, அவர்கிட்ட பாதியில விட்டுட்டுப் போன பையன் யாருன்னு கண்டுபிடிச்சு அவனுக்கு எழுது."