தனியாக வந்த பிறமொழிச் சிறுவர்களைப் படிக்கவைப்பது எப்படி? ஓசூர், தருமபுரி பகுதிக்கான விளக்கம்

ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கும் கிருஷ்ணகிரி கல்குவாரிகளுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு நடுவே, பெற்றோர் துணையில்லாத சிறுவர்களும் வந்துவிடுவதுண்டு. 18 வயது நிரம்பாமல், கவனிக்க ஆளில்லாமல் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 அவர்களுக்குப் பொருந்தும். மாநிலமோ நாடோ தடையில்லை. தனித்து நிற்கும் அகதிச் சிறுவனுக்கும் இதே வழிதான்.

முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளை தனியாக இருப்பது தெரிந்தும் தகவல் தராமல் விடுவது 33, 34-ஆம் பிரிவுகளின்படி குற்றம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். "எனக்கு இந்தி தெரியும்" என்று கூடவே வரும் மேஸ்திரியைப் பேசவிடக் கூடாது. பிள்ளையை அழைத்து வந்தவரே அவராக இருக்கலாம்.

குழுவின் இறுதி உத்தரவுக்கு நான்கு மாதம் வரை ஆகலாம். படிப்பு நழுவுவது இந்த இடைவெளியில்தான். "எப்படியும் ஊருக்கு அனுப்பத்தானே போகிறோம்" என்று, பிள்ளையைத் தங்கவைத்திருக்கும் குழந்தைகள் இல்லத்திலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, இல்லத்தில் தரவேண்டிய சேவைகளில் கல்வியையும் சேர்த்தே சொல்கிறது.

வயது 6 முதல் 14 வரை என்றால் கல்வி உரிமைச் சட்டம் 2009 கைகொடுக்கும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது (பிரிவு 14). வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் (பிரிவு 4). தமிழ் தெரியாது என்பதற்காகப் பதினோரு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைப்பது சட்டத்துக்கும் புறம்பு, அவன் ஓடிப்போகவும் அதுவே காரணம். சேர்த்த பிறகு சிறப்புப் பயிற்சி: குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். பயிற்சி முடிவதற்குள் 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லை.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளை என்றால், ஓசூர், தளி பக்கம் அந்த மொழிவழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒடியா, இந்தி, வங்காளப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. சிறப்புப் பயிற்சியில் தமிழ் பேசக் கற்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த அளவில் இருக்கிறான் என்பதைத் தமிழில் சோதிக்காதீர்கள். ஒரு வகுத்தல் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள்; பள்ளிக்குப் போன பையனா என்பது ஓரளவு தெரிந்துவிடும். முதல் சில வாரம் எழுத்து வேண்டாம், பேச்சுத்தான்: பசிக்குது, வலிக்குது, வேண்டாம், சார் புரியல. பிறகு அவன் பெயரையே எழுதவையுங்கள். தேவநாகரி (இந்தி எழுத்து) படித்த பிள்ளைக்கு 'க' வகையில் நான்கு எழுத்து பழக்கம்; நம் 'க'வைப் பார்த்துவிட்டு மற்ற மூன்று எழுத்தும் எங்கே என்று தேடும். கல், தங்கம், முகம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால் ஓசை இடத்துக்கேற்ப மாறுவது பிடிபடும். ல, ள, ழ திருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; தொடக்கத்திலேயே பிடித்துத் திருத்தினால் பேச்சே நின்றுவிடும்.

14 வயதுக்கு மேல் புதிதாகச் சேர்பவருக்குக் கல்வி உரிமைச் சட்டம் உதவாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இணையான 'சி' நிலையோ, பத்தாம் வகுப்போ இந்தி வழியில் எழுதலாம். அந்த வயதில் தமிழ்வழிப் பாடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

ஊருக்கு மாற்றும் உத்தரவு வந்தால் மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5. சான்றிதழ் தாமதமானாலும் அங்குள்ள பள்ளி அதைச் சாக்காக வைத்துச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. குழு உத்தரவில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று புறப்படும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும் அதைத் திருத்த அங்கிருந்து இங்கே யாரும் வரப்போவதில்லை.