ஸ்வீடன்ல 'அகதி உளவு' சட்டம் என்ன சொல்லுது?

ஸ்வீடன்ல தஞ்சம் வாங்கி இருக்கிறவங்கள வேற நாட்டு அரசாங்கத்துக்காக யாராச்சும் வேவு பாத்தா அதுக்குன்னே சட்டம் இருக்கு. குற்றவியல் சட்டம் 19வது அத்தியாயத்துல வருது, 2014 ஜூலைல இருந்து தனிக் குற்றமாவே வச்சிருக்காங்க, ஜனங்க அகதி உளவுன்னு சொல்வாங்க.

இதுல முக்கியமான விஷயம், திருடினது ராணுவ ரகசியமா இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க அட்ரஸ், ஃபோன் நம்பர், எந்தக் கூட்டத்துக்குப் போறீங்க, அடுத்து எங்க டிராவல் பண்றீங்க, ஊர்ல அம்மா அப்பா எந்தத் தெருவுல இருக்காங்க, இந்த மாதிரி சொந்த விவரமே போதும். இத ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாங்கன்னா, அந்த அட்ரஸ வச்சுத்தான் ஊர்ல இருக்கிற அண்ணன் வீட்டுக் கதவ போலீஸ் தட்டும், "உன் தம்பிய வாய மூடச் சொல்லு"ன்னு மிரட்டும், ஸ்வீடன்ல இருக்கிற தம்பி பயந்து போராட்டத்துக்குப் போறத நிறுத்திடுவார்.

குற்றம்னு ஆகணும்னா, வெளிநாட்டு அரசுக்கு உதவுறதுக்காகச் செஞ்சிருக்கணும், ஸ்வீடன் மண்ணுல நடந்திருக்கணும், ரகசியமாவோ ஏமாத்தியோ நடந்திருக்கணும். தகவல் திரட்டுற வேலைய நடத்துறவரும் மாட்டுவார், அதுக்குத் தொடர்ந்து உதவுறவரும் மாட்டுவார், ஆனா ஏதோ ஒரு தடவ தெரியாம வாய்விட்டவர சட்டம் குறி வைக்கல. தண்டனை ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், கடுமையான குற்றம்னு கோர்ட் முடிவு பண்ணா 6 மாசத்துல இருந்து 4 வருஷம்.

2018 ஜூன்ல ஒரு திபெத்தியருக்கு ஸ்டாக்ஹோம் பக்கத்து கோர்ட் 22 மாசம் கொடுத்துச்சு. தன் சமூகத்து ஆளுங்களோட குடும்பம், வீடு, பயணம் பத்தியெல்லாம் திரட்டி சீனாவுக்குக் கொடுத்தார்னு தீர்ப்பு. சீன ஆள அவர் போலந்துல போய்ப் பாத்தாலும் தகவல் திரட்டினது ஸ்வீடன்ல, அதனால தப்பிக்க முடியல. அவரு வெளியாள் கிடையாது, அதே ஜனங்களோட பழகி, அவங்க நம்பிக்கைய சம்பாதிச்சு வச்சிருந்தவரு, அதுதான் ரொம்ப வலிக்குது. அதுக்கு முன்னாடி 2010ல பழைய சட்டத்துலயே ஒரு உய்குர் (சீனாவுல இருக்கிற ஒரு சிறுபான்மை முஸ்லிம் இனம்) அகதிக்கும் 16 மாசம் ஜெயில் கிடைச்சது, அங்கயும் தகவல் போனது சீனாவுக்குத்தான். உளவு பாத்தவர் வெளிநாட்டுத் தூதரக அதிகாரியா இருந்தா கேஸ் போட முடியாது, நாட்ட விட்டு வெளியேத்தத்தான் முடியும்.

எதிரி நாடு நட்பு நாடுன்னு சட்டம் பிரிச்சுப் பாக்குறதில்ல. ஜெர்மனிலயும் அப்படித்தான், அங்க இருக்கிற சீக்கியர்கள், காஷ்மீர் ஆளுங்க பத்தி இந்திய உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்ததா ஒரு கணவன் மனைவிய ஃபிராங்க்ஃபர்ட் கோர்ட் 2019 டிசம்பர்ல தண்டிச்சது.

சரி, சந்தேகம் வந்தா என்ன பண்றது? தயவுசெஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல "இவன் ஸ்பை"ன்னு பேர் போட்டுடாதீங்க, நிரபராதியா இருந்தா அந்த மனுஷன் வாழ்க்கையே போச்சு, நிஜமாவே உளவாளியா இருந்தா உஷாராகி ஆதாரத்த அழிச்சிடுவான். யார், எந்தத் தேதில, என்ன கேட்டாங்கன்னு எழுதி வைங்க, மெசேஜ டெலீட் பண்ணாதீங்க, பாதுகாப்புப் போலீஸான சேப்போகிட்ட நேரா சொல்லுங்க. சாதாரண போலீஸ் நம்பர் 114 14, உயிருக்கு ஆபத்துன்னா 112. ஊர்ல இருக்கிற சொந்தத்தக் காட்டி உங்களையே உளவு பாக்கச் சொல்லி நெருக்குறாங்கன்னா, முதல் தகவல் கைமாறுறதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிடுங்க.