பார்க்கின்சன் நோயாளருக்கு ஜிம்மில் எந்தப் பயிற்சி?

"அப்பாதான் தினமும் மேடு ஏறி இறங்குகிறாரே, அவருக்கு ஜிம் எதற்கு?" இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் இயன்மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் பார்க்கின்சன் நோயாளரின் பிள்ளைகள் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். மேடேறுவது கால்களுக்கும் இதயத்துக்கும் நல்லதுதான். ஆனால் மூளையில், அசைவுகளைச் சீராக்க உதவும் டோபமீன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வரும் இந்நோயில் அசைவுகள் சிறுத்து மந்தமாகின்றன, உடல் விறைத்து முன்னோக்கிக் கூனுகிறது. கூனிய உடலோடு இறக்கத்தில் வருபவரின் அடிகள் குறுகி, விரைந்து, நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் போவதுண்டு. மழையில் வழுக்கும் லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) படிகளில் இதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே உடலை நிமிர்த்துபவையும் அசைவைப் பெரிதாக்குபவையுமான பயிற்சிகளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிம்முக்குப் புதிதாக வருபவருக்கு மார்பையும் புஜத்தையும் வளர்க்கும் பயிற்சிகளைக் கொடுப்பதே பல பயிற்றுநர்களின் வழக்கம். முன்பக்கமாகச் சுருங்கும் உடலுக்கு அவை போதாது. உட்கார்ந்தபடி கைப்பிடியை நெஞ்சை நோக்கி இழுக்கும் இயந்திரம் முதுகையும் தோள்பட்டையின் பின்பகுதியையும் வலுப்படுத்தும். காலால் பலகையைத் தள்ளும் இயந்திரம் தொடைக்கும் இடுப்புக்கும் உதவும். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து முதுமையடைந்த பெண்களுக்கு முதுகுப் பயிற்சி மிக அவசியம் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு எலும்புத் தேய்வும் இருக்கக்கூடும் என்பதால், குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

இதயத்துடிப்பை உயர்த்தும் பயிற்சிக்கு, சாய்மானமுள்ள நிலையான சைக்கிளையே நான் முதலில் பரிந்துரைப்பேன். நடக்கும்போது கால்கள் தரையில் ஒட்டியதுபோல் உறைந்து நின்றுவிடும் சிலராலும் தடையின்றி மிதிக்க முடிகிறது. ட்ரெட்மில்லும் பயன் தரும். மருந்து தொடங்காத ஆரம்பநிலை நோயாளரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உச்ச இதயத்துடிப்பின் 80 முதல் 85 வீதம் வரையான வேகத்தில் ஆறு மாதங்கள் ட்ரெட்மில்லில் பயின்றவர்களின் அசைவுக் குறைபாடுகள், வழமையான பராமரிப்பில் இருந்தவர்களுக்குக் கூடிய அளவுக்குக் கூடவில்லை. ஆயினும் அத்தகைய வேகம் இதயப் பரிசோதனைக்குப் பின்னரே பொருந்தும். உறைதல் உள்ளவர் பாதுகாப்புப் பட்டியும் அருகில் ஓர் ஆளும் இல்லாமல் ட்ரெட்மில்லில் ஏறக் கூடாது.

இயந்திரங்களோடு நின்றுவிடாமல், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், தரையில் ஒட்டிய நிற நாடாக்களைத் தாண்டி அகல அடி வைத்தல், ஒரே காலில் சுழலாமல் வளைவாக அடியெடுத்துத் திரும்புதல் ஆகியவற்றையும் பழக வேண்டும். உரக்க எண்ணிக்கொண்டு செய்தால் அடியின் நீளம் கூடும்.

நேரமும் முக்கியம். இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மருந்தை உட்கொள்பவர் அம்மருந்து நன்றாக வேலை செய்யும் வேளையில், பெரும்பாலும் ஒரு மணி நேரம் கழித்து, பயிற்சி செய்வது நல்லது. எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும் இயல்பு இந்நோயில் உண்டு. எனவே படுத்துச் செய்யும் பயிற்சியிலிருந்து மெல்ல எழ வேண்டும். குளிரான காலைகளில் உடலைச் சூடாக்கக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியும், இடைவெளி விட்டு இரண்டு மூன்று நாட்கள் வலுப்பயிற்சியும் பொதுவான இலக்கு. ஜிம் எட்டாத தோட்டங்களில், உறுதியான நாற்காலியும் சுவரில் கட்டிய ரப்பர் பட்டியும் கொண்டு இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே, ஒருவர் துணையிருக்கச் செய்யலாம்.