பழைய பிக்கப் டிரக் ஹாட் ராட் ஆகும்போது என்னென்ன மாறுகிறது?

1953-ல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-100 என்ற பிக்கப் டிரக்கை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தீவன மூட்டையும் மரப்பலகையும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கும் ஊருக்கும் போய்வருவதற்கான வண்டி. உருண்டு திரண்ட மட்கார்டுகளோடு 1956 வரை வந்த அந்த வண்டிகளை அங்குள்ள ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றி அமைத்த பழைய வண்டி) பிரியர்கள் இன்றும் தேடிப் பிடித்து மாற்றி அமைக்கிறார்கள். புது எஞ்சினைப் பொருத்துவது அதில் சுலபமான வேலை. சுமை இழுக்கப் பிறந்த வண்டியை வேகத்துக்குப் பழக்கும்போது, ஒரு பாகத்தைத் தொட்டால் அடுத்த பாகம் தன்னையும் மாற்றச் சொல்லும். அந்தச் சங்கிலியைத் தொடர்ந்து போவதுதான் இதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஹாட் ராட் பழக்கம் தென் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தார்கள். 1937-ல் இதற்கென்றே ஒரு சங்கமும் உருவானது. அவர்கள் கைக்கு எட்டிய எஞ்சின், 1932-ல் ஃபோர்டு வெளியிட்ட வி8, அதாவது பக்கத்துக்கு நான்காக V வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின். எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் ஊற்றி எடுத்ததால் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கிடைத்தது. கொள்ளளவு 3.6 லிட்டர், திறன் 65 குதிரைத்திறன்.

அந்த எஞ்சினின் பலவீனம் மூச்சு. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே இருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை கீழிருந்து ஏறி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். எரிந்த வாயுவோ பிளாக்கின் ஊடாகவே வெளியேறிப் போகும். அதனால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். வால்வைத் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனால் இந்தச் சுற்றுவழி நேராகிவிடும். 1955-ல் ஷெவர்லே அப்படி ஒரு 4.3 லிட்டர் வி8-ஐக் கொண்டுவந்தது. 1967-ல் அதே குடும்பத்தில் 5.7 லிட்டர் வந்தது. கச்சிதமான அளவு, மலிவான உதிரிபாகங்கள். ஃபோர்டு வண்டியில் ஷெவர்லே எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எண்ணற்ற பழைய வண்டிகளை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தது அந்த எஞ்சின்தான்.

5.7 லிட்டர் எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) சுற்றும்போது நிமிடத்துக்குச் சுமார் 14,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஹாட் ராட் எஞ்சினில் செய்யும் பெரும்பாலான வேலை இந்தக் காற்றுக்கு வழிவிடுவதுதான். பெரிய கார்புரேட்டர், அகலமான புகைக்குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்.

6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும் நேரம் அதில் பாதி. காற்றுக்கும் எடை உண்டு. வால்வு திறந்த அந்த நொடியிலேயே அது ஓடிவந்துவிடாது. அதனால் உள்வால்வை முன்கூட்டியே திறந்து, பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டிய பிறகுதான் மூடுகிறார்கள். இதனால் வெளிவால்வு மூடுவதற்குள் உள்வால்வு திறந்து, சற்று நேரம் இரண்டுமே திறந்திருக்கும். அதிவேகத்தில் இது நல்லது: வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் கலவையை இழுத்துவிடும். ரேஸ் கேம் இந்த நேரத்தை இன்னும் நீட்டுகிறது.

ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிலைமை தலைகீழ். காற்றின் வழியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால், காற்று உள்ளே வரும் உள்குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகை அந்தக் குழாய்க்குள் திரும்பி வந்து புதுக் கலவையில் கலக்கிறது. ஒரு சுற்றில் நன்றாக எரியும். அடுத்ததில் பாதிதான் எரியும். சிக்னலில் நிற்கும் ஹாட் ராட் ஒரு தாளத்தில் திக்கித் திக்கி ஒலிப்பதும், மட்கார்டு நடுங்குவதும் இதனால்தான்.

ரேஸ் கேம் இல்லாமலும் அந்த ஒலிக்கு இன்னொரு காரணம் உண்டு. எட்டு சிலிண்டர்களும் 90 டிகிரிக்கு ஒன்று வீதம் சீராகவே வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் கவனித்தால் இடைவெளி 90, 180, 270, 180 என்று போகும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டின் மடிப்புகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் அமைந்திருப்பதன் விளைவு இது. ஒரு பக்கத்தில் இரண்டு வெடிப்புகள் நெருங்கி வரும், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சைலன்சர் வைத்தால் அந்தச் சீரின்மை அப்படியே காதுக்கு வந்து சேரும்.

சரி, எஞ்சின் வந்துவிட்டது. இப்போது அதன் பலத்தில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும். பழைய டிரக்கின் நீளச் சட்டங்கள் ஒரு பக்கம் திறந்த வடிவம் கொண்டவை. தீப்பெட்டியின் மேலுறையை ஓர் ஓரத்தில் வெட்டிவிட்டு முறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். திறந்த பக்கத்தில் இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து மூடினால், முறுக்கத்தை எதிர்க்கும் பலம் பல மடங்கு கூடுகிறது.

அப்புறம்தான் பிக்கப்புக்கே உரிய சிக்கல்: பின்பக்கம் காலி. எஞ்சின், கேபின், ஓட்டுநர் எல்லாம் முன்னால். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 1500 கிலோ, அதில் பின்சக்கரங்கள் மேல் 600 கிலோ. எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கம் வேண்டும், அதாவது 100 கி.மீ. வேகத்தை 5.7 விநாடியில் தொட வேண்டும். அதற்குத் தேவையான உந்துவிசை 750 கிலோ எடைக்குச் சமம். வண்டி சீறிக் கிளம்பும்போது 160 கிலோ பாரம் முன்னாலிருந்து பின்னுக்கு நகரும். பின்சக்கரங்கள் மேல் இப்போது 760 கிலோ. நல்ல டயர் உலர்ந்த சாலையில் தன்மேல் உள்ள பாரத்துக்கு ஏறத்தாழச் சமமான பிடிப்பைத்தான் தரும். ஆக, வண்டி வழுக்கலின் விளிம்பில் நிற்கிறது. தோற்றத்துக்காக எடை மையத்தை 5 செ.மீ. இறக்கினால் 147 கிலோதான் நகரும், மொத்தம் 747. டயர் வழுக்கிவிடும்! 1960-களில் சில டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) வண்டிகளின் முன்பக்கத்தை உயர்த்திக் கட்டியதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

ஆனால் வளைவில் சாயாமல் போக வண்டி தாழ்வாக இருக்க வேண்டும். எனவே பாரத்தை வேறு வழியில் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சில எஃப்-100 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துச் சுமைத்தட்டுக்கு அடியில், பின்கோடியில் வைப்பார்கள். பாதுகாப்புக்கும் அது நல்லது. பேட்டரியும் பின்னால் போகும். அரை டன் சுமைக்காக அமைத்த விறைப்பான லீஃப் ஸ்பிரிங்குகள் வெறும் தட்டோடு போகும்போது வளையவே மாட்டா. பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அவற்றைக் குறைத்தோ, காயில் ஸ்பிரிங்குக்கு மாறியோ சரிசெய்வார்கள். தாழ்த்தியதில் பின் ஆக்ஸில் சேஸிஸில் இடிக்கும் என்பதால், அந்த இடத்தில் சட்டத்தை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகட்டால் பலப்படுத்துவார்கள். முன்னால் இரண்டு சக்கரங்களையும் பிணைத்த ஒற்றை இரும்பு அச்சுக்குப் பதில், 1970-களின் மஸ்டாங் 2 காரின் அமைப்பைத் தழுவிய தனித்தனி சஸ்பென்ஷன் வரும்.

கடைசியாக பிரேக். 100 கி.மீ. வேகத்தில் இந்த வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. அத்தனையும் வெப்பமாக வேண்டும். பழைய டிரம் பிரேக்கில் டிரம் சூடாகி விரிந்தால், உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் சூடானால் தடித்து, அதைக் கவ்விப் பிடிக்கும் பேடை நோக்கி வரும். திறந்த காற்றில் சீக்கிரம் ஆறவும் செய்யும். அதனால் முன்சக்கரங்களுக்காவது டிஸ்க் போட்டுவிடுவார்கள். ஆனால் மிதியை இலகுவாக்கும் பவர் பிரேக், எஞ்சினின் உள்குழாயில் இருக்கும் குறைந்த அழுத்தத்தை நம்பி இயங்குகிறது. புகை உள்குழாய்க்குத் திரும்பி வருவதால், ரேஸ் கேம் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் அதைப் போதுமான அளவு தருவதில்லை. மிதி கல்லாக இறுகிவிடும். அப்படிப்பட்ட வண்டிகளில் மின்மோட்டாரில் ஓடும் வெற்றிட பம்ப் ஒன்றைத் தனியாகப் பொருத்துகிறார்கள்.