ஓசிடி: கட்டாய எண்ணமும் கட்டாயச் செயலும்

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் 'ஓசிடி' ('அப்செசிவ்-கம்பல்சிவ் டிஸார்டர்' என்பதன் சுருக்கம்) என்பது, மேசையை ஓயாமல் துடைப்பவரையும் வாசலில் செருப்புகளை வரிசை பிசகாமல் அடுக்குபவரையும் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது. மருத்துவம் குறிப்பது வேறு. கதவைப் பூட்டி, வெளியே இரும்புக் கதவையும் பூட்டி, மின்தூக்கி வந்து திறந்த பிறகும் ஐயம் தாளாமல் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர், அது அசையவில்லை என்று கண்ட மறுநிமிடமே மீண்டும் திரும்புகிறார். இத்தகைய எண்ணமும் செயலும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, அன்றாட வாழ்வைக் குலைத்தாலோதான் அது நோய் எனப்படும்.

ஆங்கிலப் பெயரின் முதற்சொல்லுக்கு அடிப்படையான 'அப்செஷன்', எதிரே அமர்தல், முற்றுகையிடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் இலக்கணம் உழிஞைத் திணையில் வைத்துப் பேசும் அதே மதில் முற்றுகை. பேய் உள்ளே புகுந்து ஆட்டுவதற்கு ஒரு சொல்லும், வெளியே நின்று நெருக்குவதற்கு இச்சொல்லுமாக ஐரோப்பியர் ஒரு காலத்தில் பிரித்து வழங்கினர். நோய்க்கும் அது பொருந்துகிறது: தம்மை நெருக்கும் எண்ணம் அபத்தமானது என்று நோயாளிகளில் பெரும்பாலோர் அறிந்தே இருக்கிறார்கள். 1877இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் இதை விளக்கியபோது, கட்டாயம் என்று பொருள்படும் 'ட்ஸ்வாங்' என்ற ஒரே சொல்லை அடிப்படையாகக் கொண்டார். அதை பிரிட்டனில் 'அப்செஷன்' என்றும் அமெரிக்காவில் 'கம்பல்ஷன்' என்றும் பெயர்த்ததால், பின்னர் இரண்டையும் ஒட்டவைத்த பெயரே நிலைத்தது.

தமிழில் 'எண்ணச் சுழற்சி நோய்' பரவலாக வழங்குகிறது. செவிக்கு இனியதுதான், ஆனால் செயல் அதில் விடுபட்டுப்போகிறது. 'அப்செஷன்' என்பதைப் 'பெருவிருப்பம்' என்று பெயர்ப்பதோ நேர்மாறானது, விரும்பாத எண்ணமல்லவா வந்து நெருக்குகிறது! 'கட்டாய எண்ணம்', 'கட்டாயச் செயல்' என்று ஒரே அடைமொழியால் இரண்டையும் குறித்து, நோயைக் 'கட்டாய எண்ண-செயல் நோய்' என்பதே தக்கது என்பது என் கருத்து.

'சுழற்சி' என்ற சொல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. கண்குழிகளுக்கு மேலுள்ள முன்மூளைப் புறணி, மூளையின் ஆழத்திலுள்ள வரியுடலம், தலாமஸ் ஆகியவற்றைச் சுற்றி மீண்டும் புறணிக்கே வந்து சேரும் நரம்புச் சுற்று இந்நோயில் மிகையாக இயங்குவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. வரியுடலத்தின் ஒரு பகுதி, வால் போல் வளைந்திருப்பதால் லத்தீனில் 'வாலுடையது' என்றே பெயர் பெற்றது. அதன் மிகை இயக்கம், மருந்தால் குணம் கண்டவர்களிடம் மட்டுமன்றி நடத்தைச் சிகிச்சையால் குணம் கண்டவர்களிடமும் தணிந்ததை 1992இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இயக்கம் வேறு, கட்டமைப்பு வேறு. பல நாடுகளின் மூளைப் படங்களைத் திரட்டிய எனிக்மா கூட்டாய்வு 2017இல், நோயுள்ள பெரியவர்களிடம் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் சற்றுச் சிறுத்தும், 'வெளிறிய கோளம்' எனப்படும் பகுதி சற்றுப் பெருத்தும் இருப்பதாகக் கண்டது. மருந்து உட்கொள்ளாத சிறுவர்களிடம் தலாமஸ் பெரிதாக இருந்தது. இவையெல்லாம் சராசரியில் ஏறக்குறைய 3 விழுக்காட்டு வேறுபாடுகளே. பெரியவர்களிடம் கண்டவை மருந்து உட்கொள்வோரிடம் கூடுதலாகத் தெரிந்ததால், நோய் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரிப்பதும் எளிதன்று. ஆகவே 'மூளைச் சேதம்', 'மூளைக் குறை' என்று எழுதுவது பிழை. 'கட்டமைப்பு வேறுபாடு' என்பதே போதும். தனியொருவரின் மூளைப் படத்தை வைத்து நோயைக் கண்டறியவும் இயலாது. மருத்துவர் கேள்வி கேட்டுத்தான் அறிகிறார்.

அந்தக் கேள்விக்கு இங்கே பலர் தாமதமாகவே வருகிறார்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, 28 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். உதவி நாடுவதற்கு முன் கழியும் காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப்பேர் அதற்குள்ளும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் உதவி நாடும் அளவு, 11 ஆண்டுகள்.